சபாங் கப்பலுக்கு முந்தி ஒரு நிக்காஹ்

ரங்கூனில் 1926ஆம் வருஷத்து மழை தொடங்கியிருந்தது. பசுந்தாங் கால்வாய்க்கரையில் மதீனா பீவியின் வீட்டு வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றபோது, நியாக் ஐனா மாடியில் ஒரு பர்மியப் பெண்ணின் வயிற்றில் எண்ணெய் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். பிள்ளை குறுக்கே கிடந்தது. தலை கீழே வரும்படி அதைத் திருப்ப வேண்டும்.

கீழே பூட்ஸ் சத்தம் கேட்டது. மதீனா பீவி மூச்சிரைக்கப் படியேறி வந்தாள்.

"லாத்தா, போலீசு வந்திருக்கு. உங்க பேரைச் சொல்லிக் கேக்குறாங்க."

"இந்தப் பிள்ளை திரும்பட்டும். அதுவரைக்கும் நிக்கச் சொல்லு."

இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர்; இளவயதுக்காரர். என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே நின்றார். மாடியில் பிள்ளை திரும்பியது. ஐனா அந்தப் பெண்ணை எழுப்பி உட்காரவைத்து, இனி பயமில்லை என்று சொல்லிவிட்டுக் கைகழுவி இறங்கிவந்தாள். தலையில் துப்பட்டியைச் சரியாகப் போட்டுக்கொண்டாள்.

"காக்க வச்சுட்டேன். பொறுத்துக்கிட்டதுக்கு நன்றி" என்று பர்மிய மொழியில் இன்ஸ்பெக்டரிடம் சொன்னாள். அவர் முகம் சிவந்தது. டச்சு அரசாங்கம் கேட்டுக்கொண்டபடி, பதினாறு வருஷத்துக்கு முன் சுமத்ராவில் ஒரு டச்சு லெப்டினன்டைக் கொன்ற குற்றத்துக்காக அவளைக் கைது செய்வதாகப் படித்துக் காட்டினார்.

மதீனா பீவி வாசற்கதவைப் பிடித்துக்கொண்டாள். அவள் மகள் சைதா "பெரியும்மா!" என்று கத்திக்கொண்டு வண்டிக்குப் பின்னால் சேற்றில் ஓடினாள்.

ஐனா அச்சை நாட்டுக்காரி. சுமத்ராத் தீவின் வடமுனையில் இருக்கும் அந்த நாட்டுக்கு ஆச்சே என்றும் பெயருண்டு. நாகூர்க் கப்பல்கள் தலைமுறை தலைமுறையாகப் போய் மிளகு ஏற்றிவந்த கரை அது. அதற்கென்று ஒரு சுல்தான் இருந்தார். இங்கிலீஷ்காரர்கள் அவருடைய முன்னோரோடு நட்பு உடன்படிக்கை எழுதியிருந்தார்கள். பிறகு இங்கிலீஷ்காரர்களும் டச்சுக்காரர்களும் கூடி, அந்த நாட்டின் சுதந்திரத்தைத் தொடுவதில்லை என்று தங்களுக்குள் வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். அரை நூற்றாண்டு போனதும் அதே இருவரும் மறுபடி கூடி அந்த வாக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். சுல்தானை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு டச்சுப் போர்க்கப்பல்கள் துறைமுகத்துக்கு முன்னால் வந்து நிற்க அதிக காலம் ஆகவில்லை.

ஐனா பிறந்தது அந்தச் சண்டைக்குள்ளேதான். அவள் விவரம் தெரிந்த பெண்ணாக ஆனபோது, சுல்தானின் மனைவியையும் பிள்ளையையும் பிடித்துவைத்து அவரைச் சரணடைய வைத்துவிட்டார்கள். இனி நாடு தங்களுடையது என்று அறிவித்தார்கள். மலைக் கிராமங்களில் யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஐனாவின் கிராமத்தைச் சுற்றி மூங்கில் வேலி இருந்தது. பட்டாளம் அந்த வேலியைத் தாண்டி உள்ளே வந்த நாளில் அவளுடைய உம்மாவும் இரண்டு தம்பிமாரும் போனார்கள். செத்தவர்களுக்கு அடியிலிருந்து அவள் ஊர்ந்து வெளியே வந்தாள். பிறகு காட்டில் போராடிய கூட்டத்தில் ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவரோடு சேர்ந்து அவளும் வாள் எடுத்தாள். ஓர் ஆற்றுக் கடவில் டச்சுக் காவல்படையை அவர்கள் மறித்ததில் லெப்டினன்ட் ஒருவர் இறந்தார். அடுத்த மாரியில் அவள் புருஷனும் இறந்தார்.

கரைக்கு ஓடிவந்தவளை மிளகு மூட்டைகளுக்கு நடுவே ஒளித்துவைத்து ரங்கூனுக்குக் கொண்டுவந்தவர் மதீனா பீவியின் புருஷன் அமீர் அலி. பாய்க்கப்பல் ஓட்டியவர். "ஒரு வாரம் இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று சொல்லித்தான் அவளை வீட்டில் விட்டார். அந்த வாரத்திலேயே மதீனா பீவிக்கு வலி கண்டது. பிள்ளை கால் முதலில் வந்தது. வந்திருந்த மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். ஒரு வார்த்தை தமிழும் தெரியாத ஐனா அவளை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். காட்டில் ஓடும்போது எத்தனையோ பெண்களுக்குப் பிள்ளை எடுத்த கை அது. அன்று பிறந்தவள்தான் சைதா. தாயும் பிழைத்தாள்.

அதற்குப் பிறகு ஐனாவை எங்கேயும் போகவிட மதீனா பீவிக்கு மனம் வரவில்லை. அமீர் அலி ஒரு புயலில் கப்பலோடு மூழ்கிப்போனார். மதீனா பீவியின் அண்ணன் அப்துல் சமது, மனைவியை இழந்தவர், தங்கைக்குத் துணையாக அதே வீட்டின் கீழ்க்கட்டுக்கு வந்தார். அதன் முன்பக்கத்திலேயே கயிறும் பாய்த்துணியும் விற்கும் கடை அவருக்கு. ஐனா மேல்மாடியில் இருந்தாள். பசுந்தாங்கிலும் அதைச் சுற்றிலும் பர்மியர், தமிழர், சீனர் என்று பார்க்காமல் எத்தனையோ பிள்ளைகளை எடுத்தாள். எல்லாருக்கும் அவள் 'அச்சைக்காரம்மா'.

போன வருஷம் அச்சையின் தென்கரையில் மறுபடி கலகம் மூண்டது. வெளியிலிருந்து யாரோ துப்பாக்கி அனுப்புகிறார்கள் என்று டச்சுக்காரர்கள் சந்தேகப்பட்டார்கள். ரங்கூனில் பழைய ஆள் ஒருத்தி இருக்கிறாள் என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஐனா யாருக்கும் ஒரு குண்டூசியும் அனுப்பவில்லை. ஆனால் அந்த லெப்டினன்டின் சாவு அவர்களுக்குக் கைக்கு வாகாக இருந்தது.

அப்துல் சமது கடையைப் பூட்டிவிட்டுக் குடையைக் கூட விரிக்காமல் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டைக்கு ஓடினார். அங்கே வக்கீல் சபாபதி இருந்தார். அதுவரை சபாபதி நடத்தியதெல்லாம் வாடகைத் தகராறும் பாகப்பிரிவினையும்தான். சமது விஷயத்தைச் சொன்னதும் அவர் தயங்கினார்.

"பெரிய வழக்கு, சமது பாய். ரெண்டு அரசாங்கம் சம்பந்தப்பட்டது. பாரிஸ்டர் யாரையாவது வைச்சா நல்லது."

உள்ளேயிருந்து அவர் மனைவி அம்சவேணி வந்தாள். இடுப்பில் குழந்தை.

"யாரைப் பிடிச்சிருக்காங்க? அச்சைக்காரம்மாவையா?" என்றாள். குழந்தையைக் கொண்டுபோய்ப் புருஷன் மடியில் உட்காரவைத்தாள். "இவனைக் கையில வச்சுக்கிட்டு மாட்டேன்னு சொல்லுங்க பாப்போம்."

சபாபதி குழந்தையைப் பார்த்தார். அதன் பிறகு அவர் பாரிஸ்டர் பேச்சை எடுக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் சட்டப் புத்தகங்களோடேயே கிடந்தார். அம்சவேணி ஊட்டிவிட்டால்தான் சாப்பாடு.

விசாரணை நடந்த நாளில் கோர்ட்டு வராந்தா நிறையப் பெண்கள். யாரும் கூட்டி வரவில்லை. தாங்களாகவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மாஜிஸ்ட்ரேட் பர்மியர், ஊ சான் பே. மண்டலேயில் பிறந்தவர், நாற்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். யாருக்கும் முகம் கொடுத்துப் பேசாதவர் என்று பெயரெடுத்தவர்.

டச்சுத் தரப்பில் ஒரு இங்கிலீஷ் பாரிஸ்டர் வந்திருந்தார். அவர் வாதம் சுருக்கமானது. சுல்தான் 1903இலேயே சரணடைந்துவிட்டார். அன்றோடு யுத்தம் முடிந்தது. யுத்தம் முடிந்த பிறகு சிப்பாயைக் கொன்றால் அது கொலை. கொலைகாரியை ஒப்படைக்க வேண்டியது ஒரு நட்பு நாட்டின் கடமை.

சபாபதி எழுந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டார். அரசியல் காரணத்துக்காக நடந்த குற்றத்துக்கு யாரையும் இன்னொரு அரசாங்கத்திடம் ஒப்படைப்பதில்லை என்று நம் சட்டமே சொல்கிறது என்றார். இது அரசியல் காரணம்தான் என்பதற்கு அந்த நாட்டின் கதையை முதலிலிருந்து சொன்னார். உடன்படிக்கை எழுதியதையும், அதன் பிறகு கொடுத்த வாக்கையும், வாக்கை வாபஸ் வாங்கியதையும் வரிசையாகச் சொன்னார்.

"ஒரு நாட்டைத் தொடமாட்டோம்னு ரெண்டு பேர் எழுதி வைக்கிறாங்க. பிறகு அதே ரெண்டு பேரும் தங்களுக்குள்ள பேசி அதை அடிச்சிடறாங்க. அந்த நாட்டை யாரும் கூப்பிட்டுக் கேட்கலை. பட்டாளம் வருது, அரசரை இறக்குது. எதிர்த்து நின்றவங்க மேல இப்போ கொலை வழக்கு. அந்தப் பட்டாளம் அங்கே போனது எந்தச் சட்டப்படின்னு எதிர்த்தரப்பு நண்பர் ஒரு வரி காட்டட்டும். நான் உட்கார்ந்துடறேன்."

பாரிஸ்டர் சிரித்தார். அது இந்தக் கோர்ட்டுக்கு வேண்டாத கேள்வி என்றார்.

மாஜிஸ்ட்ரேட் எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை வைத்துவிட்டு ஐனாவைப் பார்த்துப் பர்மிய மொழியில் நேராகக் கேட்டார்.

"உங்கள் அரசர் சரணடைந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிந்த பிறகும் ஏன் சண்டை போட்டீர்கள்?"

"அவருடைய பெண்டாட்டியையும் பிள்ளையையும் பிடித்துவைத்துக்கொண்டு அவரை வரச் சொன்னார்கள். அவர் போனார். அவர்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் பட்டாளம் அதோடு நிற்கவில்லையே. அதன் பிறகுதான் எங்கள் ஊருக்கு வந்தது. ஊரில் நாங்கள் இருந்தோம்."

ஊ சான் பே ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மண்டலேயில் வெளிநாட்டுப் பட்டாளம் நுழைந்து, ராஜாவையும் ராணியையும் மாட்டு வண்டியில் ஏற்றி ஆற்றங்கரைக்குக் கொண்டுபோனபோது அவர் சின்னப் பிள்ளையாக இருந்திருப்பார் என்று சபாபதிக்கு அப்போதுதான் தோன்றியது. அதற்குப் பிறகும் மேல்பர்மாவில் எத்தனை வருஷம் சண்டை ஓயவில்லை! அதை வாய்விட்டுச் சொன்னால் மாஜிஸ்ட்ரேட்டுக்குத்தான் ஆபத்து. சபாபதி நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இடைவேளைக்குப் பிறகு தீர்ப்பு வந்தது. சண்டை ஓய்ந்ததாக அறிவிப்பதும் சண்டை ஓய்வதும் வேறு வேறு. இங்கே சொல்லப்பட்ட காரியம் அரசியல் தன்மையுள்ளது. ஆகவே இந்தப் பெண்ணை ஒப்படைக்க முடியாது. ஊ சான் பே அதைப் படித்துவிட்டு யாரையும் பார்க்காமல் எழுந்து போனார்.

வராந்தாவில் ஒரே ஆரவாரம். மதீனா பீவி ஐனாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒரு சீனத்தி தன் பிள்ளையை ஐனா கையில் கொடுத்து அவளைச் சிரிக்கவைத்தாள்.

படியிறங்கும்போது அதே இன்ஸ்பெக்டர் எதிரில் வந்தார். இந்தத் தடவை அவர் கையில் வேறொரு உத்தரவு. அந்நியர் சட்டப்படி, விரும்பத்தகாத வெளிநாட்டுக்காரியான நியாக் ஐனா பர்மாவை விட்டு வெளியேற வேண்டும். நாளைக் காலை புறப்படும் கப்பலில் ஏற்றப்படுவாள். அதுவரை காவலில் இருப்பாள்.

"எந்தக் கப்பல்?" என்று சபாபதி கேட்டார்.

இன்ஸ்பெக்டர் கப்பலின் பெயரைச் சொன்னார். சமது பாய்த்துணி வியாபாரி. துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் எந்தெந்தத் துறையைத் தொட்டுப் போகும் என்று அவருக்கு அத்துப்படி.

"அது சபாங்கைத் தொட்டுத்தானே பினாங்கு போகும்?" என்றார்.

சபாங் அச்சைக் கரைக்கு எதிரே ஒரு தீவில் இருக்கும் டச்சுத் துறைமுகம். இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்தார். ஐனாவை மறுபடி வண்டியில் ஏற்றினார்கள்.

போலீஸ் காவல்கூடத்தின் வெளித்தாழ்வாரத்தில் சபாபதியும் மதீனா பீவியும் சமதுவும் நின்றார்கள். ஓட்டு விளிம்பிலிருந்து மழை கொட்டியது. சபாபதிக்குக் கோபம் தாங்கவில்லை.

"முன்வாசல் வழியா ஒப்படைக்கக் கூடாதுன்னு கோர்ட்டு சொன்னா, பின்வாசலைத் திறந்து தள்ளிவிடறாங்க. இதுக்கு அப்பீல் கூடக் கிடையாது. வெளிநாட்டு ஆளை வெளியேத்த அவங்க காரணம் சொல்லவேண்டியதில்லை."

"அப்ப ஒண்ணுமே செய்ய முடியாதா, வக்கீலய்யா?" என்றாள் மதீனா பீவி.

"வெளிநாட்டு ஆளா இருக்கிறவரைக்கும் முடியாது. இந்தப் பதினஞ்சு வருஷத்துல அவங்க ஒரு பிரிட்டிஷ் பிரஜையைக் கட்டியிருந்தா, அவங்களும் பிரிட்டிஷ் பிரஜை. இந்தச் சட்டம் அவங்களைத் தொட்டிருக்க முடியாது. அது நடக்கலையே."

சபாபதி பெருமூச்சோடு சொன்னாரே தவிர யோசனையாகச் சொல்லவில்லை. மதீனா பீவி மெதுவாக அண்ணன் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"காக்கா, நீங்க நாகூர்ல பிறந்தவுகதானே?"

சமது கையிலிருந்த குடை கீழே விழுந்தது. "என்னவாம் இப்ப?"

"ஹஜ்ஜுக்குப் போனப்ப பாஸ்போர்ட்டு எடுத்தீங்க. அதுல பிரிட்டிஷ் பிரஜைன்னுதானே எழுதியிருந்துச்சு?"

"மதீனா, என்ன பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா? அவுக என்ன நினைப்பாக?"

"அவுகளைக் கேப்போம். நாளைக்குக் கப்பல் ஏத்துன பிறகு கேக்க முடியாது."

சபாபதி மனதுக்குள் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தார். "செல்லும்" என்றார் கடைசியில். "நிஜமான கல்யாணமா இருந்தா செல்லும்."

இன்ஸ்பெக்டர் அவர்களை உள்ளே விட மறுத்திருக்கலாம். வக்கீல் கட்சிக்காரரைப் பார்க்கலாம் என்று சொல்லி விட்டார். உறவுக்காரர்களும் கூடப் போவதைக் கண்டும் காணாதவர் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதீனா பீவி சொன்னதை ஐனா முழுவதும் கேட்டாள். அவள் முகம் இறுகிப்போனது.

"எங்க நாட்டை வித்த இங்கிலீஷ் ராஜாவுக்கு நான் பிரஜையா? வேண்டாம், மதீனா. சபாங்குல இறங்குறேன். என் மண்ணுல சாகுறேன்."

பின்னால் நின்ற சமது தொண்டையைக் கனைத்தார். ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் அவர் ஐனாவிடம் நேராகப் பேசியது மிகக் குறைவு.

"நானும் யாரையும் கேட்டுக்கிட்டு அந்த ராஜாவுக்குப் பிரஜையாகலை" என்றார். "நாகூர்ல பொறந்தேன். அவுகளே பேரை எழுதிக்கிட்டாக. எங்க ஊரையும் யாரும் கேட்டுட்டா புடிச்சாக? அந்தப் பேரு எனக்கு இதுவரைக்கும் ஒண்ணுத்துக்கும் உதவுனதில்லை. ஒரு உசுரைக் காப்பாத்த உதவுதுன்னா, உதவிட்டுப் போகட்டுமே."

ஐனா அவரைப் பார்த்தாள்.

"உங்க மனசுல நீங்க அச்சைக்காரவுகதான். அதை நான் மாத்தச் சொல்ல மாட்டேன். வேற யாரும் சொல்லவும் விடமாட்டேன். வீட்டுல எப்பவும் போல மாடியில இருங்க. பேருக்குத்தான் நிக்காஹ். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"அப்படிச் செய்ய முடியாது" என்றாள் ஐனா.

சமது தலையைக் குனிந்துகொண்டார்.

"பேருக்குச் செய்யிற நிக்காஹுக்கு அல்லாவைச் சாட்சி கூப்பிட முடியாது. உசுருக்குப் பயந்து பொய் சொன்னேன்னு என் வாப்பாகிட்ட மறுமையில எப்படிச் சொல்லுவேன்?" அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "செஞ்சா நிஜமாச் செய்யணும். நீங்க என்னைக் கட்டுறதா நினைச்சுக் கட்டணும், நானும் அப்படி நினைக்கணும். உங்களுக்கு அது சம்மதமா?"

நாற்பத்தேழு வயது அப்துல் சமது, கடைக்கு வந்து வாங்க வேண்டிய பொருளை மறந்துபோன பிள்ளையைப் போல நின்றார். பிறகு, "சம்மதம்" என்றார். அந்தச் சொல் சரியாக வெளியே வராததால் மறுபடி சொன்னார்.

பள்ளிவாசல் காஜி மீரா முகைதீன் லெப்பையை மதீனா பீவியே ரிக்‌ஷாவில் போய்க் கூட்டிவந்தாள். வயதானவர்; மழையில் நனைந்து தும்மிக்கொண்டே வந்தார். காவல்கூடத்தில் நிக்காஹ் ஓதுவது அவர் ஆயுளில் முதல் தடவை. பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளராக, 'வலி'யாக, நிற்க ரத்த உறவு யாருமில்லை என்றதும், அப்படியானால் அந்தப் பொறுப்பு காஜியுடையது, நானே நிற்கிறேன் என்றார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். சமதுவின் பக்கத்துக் கடைக்காரர் வந்திருந்தார். இன்னொருவரைத் தேட நேரமில்லை. காவலுக்கு நின்ற பஞ்சாபிக் கான்ஸ்டபிள் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "நானும் முஸ்லிம்தான்" என்று உருதுவில் சொல்லி முன்னால் வந்தார்.

"மாப்பிள்ளை கொடுக்க வேண்டிய மஹர் என்ன கேக்குறீங்கம்மா?" என்றார் லெப்பை.

"எங்க நாட்டுல பட்டாளம் போற நாள்ல என்னை அங்க கூட்டிட்டுப் போகணும்" என்றாள் ஐனா.

லெப்பை தாடியைத் தடவினார். "அது எப்ப வரும்னு அல்லாவுக்குத்தான் தெரியும். நாள் தெரியாததை மஹராக் கட்ட முடியாது. கையில கொடுக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்க."

"அப்ப ஒரு மூட்டை மிளகு."

"மிளகு மஹர். அந்தப் பயணம் தனியா வாக்கு" என்றார் சமது அவசரமாக. "ரெண்டும் கொடுக்கிறேன்."

லெப்பைக்கே சிரிப்பு வந்துவிட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஐனா, இந்தப் பக்கம் சமது. வெளியே மழை ஓங்கி அடித்ததால் லெப்பை குரலை உயர்த்தி ஓத வேண்டியிருந்தது. முடிந்ததும் கான்ஸ்டபிள் தன் டிபனில் வைத்திருந்த வெல்லக் கட்டியை உடைத்து எல்லாருக்கும் கொடுத்தார்.

சபாபதி நிக்காஹ் சீட்டையும், மதீனா பீவி வீட்டிலிருந்து எடுத்துவந்திருந்த பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"இது நாடகம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நாடகம்னு நிரூபிக்க ஹைகோர்ட்டுக்கு வாங்க. நாளைக் காலை ஆட்கொணர்வு மனு போடறேன். பிரிட்டிஷ் பிரஜையை டச்சுத் துறைமுகத்துக்கு அனுப்பினது யாரு கையெழுத்துலன்னு நீதிபதி கேட்பார். உங்க கையெழுத்தா, உங்க மேலதிகாரி கையெழுத்தான்னு இப்பவே முடிவு பண்ணிக்குங்க."

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் டெலிபோனில் பேசினார். பேசி முடித்து வைத்தபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்ததாகச் சபாபதி பிறகு அம்சவேணியிடம் சொன்னார். காலையில் ஐனாவைக் கப்பலில் ஏற்ற வேண்டாம், ஹைகோர்ட்டு என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம்.

மறுநாள் காலை கப்பல் சங்கு ஊதிக்கொண்டு ஆற்றில் இறங்கியது. ஹைகோர்ட்டில் அரசாங்க வக்கீல் எழுந்து, அந்த உத்தரவை இப்போதைக்கு நிறைவேற்ற விருப்பமில்லை என்று ஒரே வாக்கியத்தில் சொல்லி உட்கார்ந்தார். மதியத் தொழுகைக்கு முன் ஐனா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

பசுந்தாங்கில் அன்று எந்த வீட்டிலும் தனியாகச் சமையல் நடந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொருத்தியாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மொஹிங்கா வந்தது, நெய்ச்சோறு வந்தது, பூசணிக்காய்க் கூட்டு வந்தது. வயிறு தடவிக்கொள்ள வந்திருந்த அந்தப் பர்மியப் பெண்ணும் வந்தாள். பிறந்து சில நாளே ஆன பிள்ளையைச் சைதாவின் மடியில் போட்டாள். ஐனா எல்லாருக்கும் நன்றி சொன்னாள். சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிவிட்டது. அதற்குப் பிறகு வந்தவர்களின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

சில நாள் கழித்து அவளும் சமதுவும் சபாபதி வீட்டுக்குப் போனார்கள். ஐனா தன் கையால் செய்த தேங்காய்ப் பலகாரம் கொண்டுபோனாள்.

"எனக்கு எதுக்கும்மா நன்றி?" என்றார் சபாபதி. அவர் இன்னும் கோபமாகவே இருந்தார். "நியாயத்தால நாம ஜெயிக்கலை. கல்யாணச் சட்டத்துல ஒரு சந்து இருந்துச்சு, அது வழியா தப்பிச்சோம். நாளைக்கு வேற யாராவது வந்தா அவங்களுக்கு அந்தச் சந்தும் இருக்காது."

"சட்டம் எனக்குத் தெரியாது, தம்பி. நீங்க சாப்பிடாமத் தூங்காம அலைஞ்சது தெரியும். இந்தப் பிள்ளையை உங்க மடியில வச்ச அம்சவேணியைத் தெரியும். எங்க ஊருல பட்டாளம் வந்தப்ப நாங்க கூப்பிட்டோம். எந்த ராஜாவும் வரலை. இங்க நான் கூப்பிடவே இல்லை, நீங்க எல்லாரும் வந்தீங்க." அவள் சற்று நிறுத்தினாள். "அந்த மாஜிஸ்ட்ரேட்டுக்கு எப்படி நன்றி சொல்றது?"

"சொல்ல வேண்டாம். சொன்னா அவருக்குத்தான் கெடுதல்."

சொல்லாமலேயே கெடுதல் வந்தது. அந்த வருஷக் கடைசியில் ஊ சான் பேயை மேல்பர்மாவில் வறண்ட ஊர் ஒன்றுக்கு மாற்றினார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை. செய்தி ஐனா காதுக்கும் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தொழுகையின் கடைசியிலும் அவர் பெயரைச் சொல்லித் துஆ கேட்டாள். அமீர் அலியின் பெயரும் சபாபதியின் பெயரும் அதில் உண்டு. கான்ஸ்டபிள் பெயர் தெரியாததால் 'வெல்லம் கொடுத்தவர்' என்றே சொன்னாள். ஒருநாள் மதீனா பீவி காதுகொடுத்துக் கேட்டபோது அந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரும் துஆவில் இருந்தார்.

"அவனையுமா?" என்றாள் மதீனா பீவி.

"பிள்ளை திரும்புற வரைக்கும் நின்னாரே" என்றாள் ஐனா.

அச்சையின் தென்கரையில் கலகம் அடக்கப்பட்ட செய்தி மறு வருஷம் வந்தது. பெயர் தெரிந்த ஊர்கள் சில எரிந்திருந்தன. செய்தி கொண்டுவந்தவர் போன பிறகு ஐனா மாடி ஜன்னலருகில் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. சமது கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கால்வாயில் உமி ஏற்றிய சம்பான் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"உங்க ஊருல மிளகு எப்படிப் பறிப்பாங்க?" என்று கேட்டார். ஏதாவது கேட்க வேண்டுமே என்றுதான் கேட்டார்.

ஐனா திரும்பிப் பார்த்தாள். பதினாறு வருஷமாக அவள் அந்த நாட்டைப் பற்றிப் பேசியதெல்லாம் துப்பாக்கியும் ஓட்டமும் சாவும்தான். கேட்டவர்களும் அதைத்தான் கேட்டார்கள். முருங்கை போன்ற ஒரு மரத்தில் கொடியை ஏற்றிவிடுவார்கள் என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள். மூங்கில் ஏணி வைத்துப் பெண்கள் ஏறுவார்கள். அவளுடைய உம்மா ஏறும்போது பாடுவாள். கீழே தம்பிமார் சிந்திய மணிகளைப் பொறுக்கிப் பொறுக்கி ஒருவர் மேல் ஒருவர் எறிவார்கள்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது. கீழே கடைக்கு யாரோ வந்து கூப்பிட்டார்கள். சமது எழுந்திருக்கவில்லை.

"அப்புறம்?" என்றார்.